ஜி வரிசை, பதினான்காம் இருக்கை

நான் ரத்தம் எடுக்கிறவள். புதுச்சேரியில் நேரு வீதியை ஒட்டிய ஒரு சின்ன பரிசோதனைக் கூடத்தில் பதினாறு வருடமாக அதுதான் என் வேலை. காலை ஆறரை மணிக்கே வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்களில் ஒருவர் முகமும் என் மனதில் நிற்காது. கைகள் நிற்கும். பஸ்ஸிலும் கோயில் வரிசையிலும் கூட முன்னால் நிற்கிறவரின் முழங்கை மடிப்பைப் பார்த்து, இந்த நரம்பு ஒரே குத்தில் கிடைக்கும், இது வழுக்கும் என்று மனம் தானாகக் கணக்குப் போடும். தொழில் புத்தி.

மதியம் இரண்டு மணிக்கு மாஸ்க்கைக் கழற்றிவிட்டால் நான் வேறு ஆள். சூப்பர் ஹீரோ படங்களும் தொடர்களும் பார்த்துவிட்டுச் சண்டை போடுகிறவர்களின் குழு ஒன்று போனில் இருக்கிறது. நூறு பேருக்கு மேல் இருப்பார்கள், எல்லாம் நம் ஊரும் சுற்றுவட்டாரமும்தான். எந்தப் படம் தேறும், எது தேறாது, எட்டு எபிசோடில் எத்தனை எபிசோடு இழுவை, கிராபிக்ஸில் பறக்கிறவனின் கால் ஏன் பொம்மைக் கால் போல இருக்கிறது என்று நாள் முழுக்க அடித்துக்கொள்வார்கள். முதலில் என் சொந்தப் பெயரில்தான் சேர்ந்தேன். நான் எழுதிய வாதத்துக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. தனியாக மட்டும் "ஹாய்", "சாப்டாச்சா", "இதெல்லாம் நீங்களே பாக்குறீங்களா" என்று வரிசையாக வந்தது. ஒரே வாரத்தில் வெளியேறினேன்.

ஒரு மாதம் கழித்து வேறு எண்ணில், ஓர் ஆண் பெயரில், புல்லட் வண்டிப் படத்தை முகப்பில் வைத்துக்கொண்டு மறுபடி சேர்ந்தேன். எழுதியது அதே கருத்து, அதே வார்த்தை. இந்த முறை பத்து பேர் பாய்ந்து வந்தார்கள். "போடா லூசு, உனக்குப் படம் பாக்கவே தெரியல" என்று ஒருவன் எழுதினான். நான் கட்டிலில் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். நாற்பத்து நாலு வயதில், கருவடிக்குப்பத்தில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருக்கிற எனக்கு, சரிக்குச் சரியாக யாராவது சண்டைக்கு வருகிற இடம் அது ஒன்றுதான். அது கையை விட்டுப் போய்விடக் கூடாது என்பதில் மட்டும் குறியாக இருந்தேன்.

குழுவில் ஒரு சட்டம் உண்டு. தியேட்டரில் பார்த்த படத்தைத் திட்டுவதென்றால் முதலில் டிக்கெட்டைப் படமெடுத்துப் போட வேண்டும். பார்க்காமலே திட்டுகிறவர்களை ஒழிக்க வந்த ஏற்பாடு. நான் ஒவ்வொரு முறையும் கவுண்ட்டரில் போய் டிக்கெட் வாங்குவேன். போனில் புக் பண்ணினால் டிக்கெட்டில் என் பெயர் வருமே. அவ்வளவு உஷாரான ஆளுக்கு, டிக்கெட்டில் இருக்கை எண்ணும் இருக்கும் என்பது ஞாபகம் வரவில்லை.

இப்படித்தான் புதிதாக வந்த ஒரு சூப்பர் ஹீரோ படத்தை ஒரு வியாழக்கிழமை மேட்னியில் பார்த்தேன். இடைவேளை வெளிச்சத்தில், பக்கத்து இருக்கைக்காரரின் கை எனக்கும் அவருக்கும் நடுவில் கைப்பிடி மேல் கிடந்தது. முழங்கை மடிப்பில் இரண்டு மச்சம், அவற்றுக்கு நடுவே கோணலாக ஓடும் ஒரு நரம்பு. எங்கேயோ பார்த்த கை போல இருந்தது. இது வழுக்கும் என்று நினைத்துக்கொண்டேன். முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டாம் பாதியில் நாயகன் இன்னொரு உலகத்துக்குப் போகிறான். அவனுடைய செத்துப்போன அம்மா அங்கே உயிரோடு இருக்கிறாள். ஆனால் அவளுக்கு இவனை யாரென்று தெரியாது. யாரோ வழி தவறி வந்த பையன் என்று நினைத்துச் சோறு போடுகிறாள். அவ்வளவுதான் காட்சி. என் அம்மா போய் அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. கடைசிச் சில வாரங்கள் அம்மாவும் என்னைப் பார்த்து, நீ யாரு வீட்டுப் பொண்ணு என்றுதான் கேட்டாள். நான் விக்கி விக்கி அழுதேன். கர்ச்சீப் எடுக்கக்கூட வரவில்லை, கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அழுகை கோபமாகிவிட்டது. டிக்கெட்டைப் போட்டு எழுதினேன்: "இரண்டாம் பாதி சுத்தக் குப்பை. செத்தவர்களை இஷ்டத்துக்குத் திரும்பக் கொண்டுவந்தால் சாவுக்கு என்ன மரியாதை? இது மோசடி." நல்ல வாதம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அழுததை மட்டும் எழுதவில்லை.

ஐந்து நிமிடத்தில் ஒரு பதில் வந்தது. முகமூடிப் படத்தை முகப்பில் வைத்திருக்கும் ஒருவர், எந்தப் படத்தையும் விட்டுக்கொடுக்காதவர், என்னோடு அதிகம் மோதுகிறவர். "ஜி 14ஆ? ஜி 13 நான். பக்கத்து சீட்டுல யாரு, என்ன பண்ணாங்கன்னு எனக்குத் தெரியும்."

நான் போட்ட டிக்கெட் படத்தைத் திறந்து பார்த்தேன், ஜி 14 என்று பளிச்சென்று இருந்தது. குழுவில் எல்லோரும், என்ன பண்ணான், தூங்கினானா என்று கேலி செய்தார்கள். அவர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் நான் மதியச் சாப்பாட்டுக்கு டப்பாவைத் திறக்கும்போது அவரிடமிருந்து தனியாக ஒரு வரி வந்தது.

"உங்க கைய எனக்கு நல்லா தெரியும்."

அவ்வளவுதான். டப்பாவை மூடிவிட்டேன்.

பயம் என்றால் சும்மா பயமில்லை. முகம் தெரியும் என்றால்கூடப் பரவாயில்லை, கையைத் தெரியும் என்று ஓர் ஆண் எழுதினால் அதற்கு என்ன அர்த்தம்? எவ்வளவு நேரம், எவ்வளவு பக்கத்தில் இருந்து பார்த்திருப்பான்? இருட்டில் அழுதுகொண்டிருந்த என்னைப் படத்தை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தானா? முத்தியால்பேட்டை வழியாக ஸ்கூட்டியில் போகிறவள் லாஸ்பேட்டை சுற்றிப் போக ஆரம்பித்தேன். வெயிலில் முழுக்கை கிளவுஸ் மாட்டினேன். பின்னால் வருகிற ஹெல்மெட்டெல்லாம் என் பின்னாலேயே வருவதாகப் பட்டது. கீழ் வீட்டுக் கேட்டுச் சத்தம் கேட்டால் போதும், கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தேன். போலீசுக்குப் போகலாம்தான். போனால் முதல் கேள்வியே, ஆம்பளப் பேருல நீங்க எதுக்கும்மா அங்க இருந்தீங்க என்பதாக இருக்கும். அவர் வாய் திறந்தால் குழுவும் போய்விடும். இரண்டுக்கும் பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

"என்னக்கா, மூஞ்சி பேயறஞ்ச மாதிரி இருக்கு?" என்றாள் வரவேற்பில் இருக்கும் பெண்.

"ஒண்ணுமில்ல, தூக்கமில்ல" என்றேன்.

"லீவு போட்டுட்டுப் படுங்க."

லீவு போட்டுத் தனியாக வீட்டில் இருக்க எனக்குத் தைரியமில்லை. அதற்குக் கூடமே மேல், கூட்டம் இருக்கிறது என்று தினமும் வந்தேன்.

திங்கட்கிழமை காலை. வாடிக்கையாக வரும் பிரெஞ்சு பென்ஷன்காரர் ஒருவர், நாங்கள் முசியே என்று கூப்பிடுகிறவர், பஞ்சை அழுத்திக்கொண்டு "மெர்சி" என்று நன்றி சொல்லி எழுந்து போனார். அடுத்தவரின் பரிசோதனைச் சீட்டை வாங்கினேன், மூன்று மாத சர்க்கரை அளவு. "கைய நீட்டுங்க" என்றேன், வழக்கம்போல நிமிர்ந்து பார்க்காமல். கை நீண்டது. ரப்பர் பட்டையைக் கட்டினேன். முழங்கை மடிப்பில் இரண்டு மச்சம். நடுவே கோணலாக ஒரு நரம்பு.

கதவு எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் பார்த்தேன். அவருக்குப் பின்னால் இருந்தது. இங்கேயே வந்துவிட்டான் என்று மட்டும் மனதில் ஓடியது. ஊசியை முன்னால் பிடித்தபடி நின்றேன்.

"சிஸ்டர், சீக்கிரம் எடுத்துடுங்க" என்றார் அவர். "எனக்கு ஊசின்னா ஆவாது."

அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். முப்பது வயது இருக்கும். நெற்றியெல்லாம் வியர்வை. கண்கள் என் பெருவிரல் மேல் நிலைகுத்தி நின்றன. கிளவுஸ் போடாத என் இடது பெருவிரலில் குக்கர் சுட்ட வெள்ளைத் தழும்பு ஒன்று உண்டு.

"ஜி 13" என்றேன்.

அவர் சங்கடமாகச் சிரித்தார். "கண்டுபுடிச்சிட்டீங்களா? ரெண்டு வருஷமா நீங்கதான் எனக்கு எடுக்குறீங்க. நான் ஊசியப் பாக்க மாட்டேன், இந்தத் தழும்பத்தான் பாப்பேன். அன்னைக்கு அந்தக் கையாலதான கண்ணத் தொடச்சிக்கிட்டீங்க. மாஸ்க் போட்டே பாத்திருக்கேன், மூஞ்சி எனக்குத் தெரியாது."

"அதுக்காக அப்டியா எழுதுவீங்க? கைய நல்லா தெரியும்னு?"

"ஏன், தெரியுமே?"

அந்த மனுஷனுக்கு உண்மையிலேயே புரியவில்லை. அவர் ஒரு நொடியில் தட்டிவிட்ட வரி அது. "நாலு நாளா நான் சாப்புடல, தூங்கல. எங்க வீட்டுக்கே வேற வழியா போறேன்" என்றேன். அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"அய்யோ சிஸ்டர், சத்தியமா மெரட்டணும்னு எழுதல. நீங்க அப்டி அழுதீங்க. அழுதுட்டு வந்து குப்பைன்னு எழுதுனா நியாயமா? அதத்தான் அந்த மெசேஜ்ல கேக்க வந்தேன். அப்புறம் எப்டிக் கேக்குறதுன்னு தெரியல."

ஊசியைக் குத்தினேன். அவர் நரம்பு நான் தியேட்டரில் நினைத்தபடியே வழுக்கியது. அவர் வீல் என்று கத்த, வரவேற்பில் இருந்தவள் எட்டிப் பார்த்தாள். அவருக்கும் வியர்வை, எனக்கும் வியர்வை. இரண்டாம் குத்தில் ரத்தம் வந்தது.

பஞ்சை அழுத்திக்கொண்டு எழுந்தவர், போகும் முன் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நீங்க பொம்பளைன்னு நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். பயப்படாதீங்க."

நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அந்த நாலு நாளில் வராத பயம் எனக்கு அப்போது வந்தது. அவர் சொல்ல மாட்டார், சரி. நாளைக்கு ஒரு படத்தில் கடுமையாக மோதினால்? அவர் பக்கம் வாதம் தோற்கும்போது? இனி ஒவ்வொரு வரி எழுதும்போதும் அவர் சொல்லாமல் இருக்க வேண்டுமே என்று பார்த்துப் பார்த்துத்தான் எழுத வேண்டும். அப்புறம் அது என்ன சரிக்குச் சரி?

இரண்டு மணிக்கு வேலை முடிந்ததும் ஸ்கூட்டியை எடுக்கவில்லை. வாசல் நிழலில் நின்று, விரல் வழுக்க வழுக்கக் குழுவில் எழுதினேன். "ஜி 14ல் உட்கார்ந்திருந்தது நான். நான் ஒரு பெண். அம்மா வரும் காட்சியில் அழுதேன், எனக்கும் அம்மா இல்லை. அழ வைத்ததாலேயே ஒரு படம் நல்ல படம் ஆகிவிடாது. இரண்டாம் பாதி இன்னமும் குப்பைதான்." அனுப்பிவிட்டு போனைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினேன்.

வீட்டுக்கு வந்துதான் திறந்து பார்த்தேன். நான் எதற்குப் பயந்தேனோ அது அப்படியே நடந்திருந்தது. குழுவில் சத்தமே இல்லை. தனியாகப் பதினொரு பேர் வந்திருந்தார்கள். "ஹாய்." "ஹாய் மேடம்." "சாப்டாச்சா?" நேற்றுவரை என்னை லூசு என்றவனும் அதில் இருந்தான்.

போனை வைக்கப் போனேன். அப்போது குழுவில் ஒரே ஒரு பதில் வந்தது, முகமூடிப் படக்காரரிடமிருந்து. "உங்க வாதம் தப்பு. செத்தவங்கள அவன் திரும்பக் கொண்டாரல, அவங்க இல்லாம வாழக் கத்துக்கிறான். படத்த இன்னொரு தடவ ஒழுங்கா பாத்துட்டு வந்து பேசுங்க."

பதினொரு ஹாயையும் விட்டுவிட்டு அவருக்கு மட்டும் பதில் எழுத உட்கார்ந்தேன். அவர் சொன்னதில் எங்கே ஓட்டை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.