யூக்காலிக் கட்டில்கால்

எங்கள் வீட்டில் ஒரு கட்டிலுக்குக் கால் கடைந்தார்கள். கால் நான்கும் வந்தன, கட்டில்தான் கடைசிவரை வரவில்லை. எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். அந்தக் காரியத்தில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் அடித்துச் சொல்வேன், நடந்தது இதுதான்.

பள்ளிவாசல் என்ற மலையூருக்குப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் அப்பா, அவர் தம்பியான சித்தப்பா, இருவருக்கும் தங்கையான அத்தை, மூவருக்குமே ஃபாக்டரியில் வேலை. அத்தைக்கு மேல்மாடியில் இலை வாட்டும் வேலை. பச்சை இலையைச் சாக்குத் தட்டுகளில் பரப்பினால், கீழேயிருந்து வரும் சூடான காற்றில் அது மெல்லத் துவளும். எப்போது போதும் என்று கண்டுபிடிப்பதுதான் வித்தை. அத்தை ஒரு பிடி இலையைக் கைக்குள் அமுக்கித் திறந்து பார்ப்பாள். அவள் "ஆச்சு" என்றால் ஃபாக்டரிக்கே பெரியவரான டீ மேக்கர் மறுபேச்சுப் பேசமாட்டார். அந்த வேலையில் அவளுக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

அவளுக்குப் போடியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா வெற்றிலை மாற்றிய கையோடு இரண்டு நிபந்தனை போட்டார். சீரில் கடைசல் கால் வைத்த கட்டில் இருக்க வேண்டும். "பொறவு, கல்யாணம் ஆனா பொண்ணு வேலைக்கெல்லாம் போகக் கூடாது. எங்க வீட்ல அந்த வழக்கமே இல்ல." அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்றாள் அம்மா.

அன்று சாயங்காலமே அத்தை அப்பாவிடம் போய், "எனக்கு இந்த எடம் வேண்டாம்ணே. நான் வேலைய விட மாட்டேன்" என்றாள்.

"வெத்தல மாத்தியாச்சு. இனிமே அந்தப் பேச்சே வரப்படாது" என்றார் அப்பா. அப்பா சொன்னால் சொன்னதுதான்.

கட்டிலுக்குத் தேக்கு வாங்கலாம் என்ற பேச்சு எழுந்ததும், ஃபாக்டரியில் தச்சு வேலை பார்த்த சித்தப்பாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் எதுக்கு இருக்கேன்? யூக்காலியிலயே கடைஞ்சு தாரேன். தேக்கு இதுகிட்ட நிக்கட்டும் பாப்போம்!" யூக்காலி என்றால் தைல மரம். ஃபாக்டரி அடுப்பில் எரிக்கவென்றே சரிவெல்லாம் நட்டு வைத்திருந்தார்கள். "வெறகுல கட்டிலா?" என்று நாங்கள் குடியிருந்த லயம் முழுக்கச் சிரித்தது. சிரித்தவர்களை ஒவ்வொருவராகப் பிடித்து நிறுத்திச் சித்தப்பா பாடம் நடத்தினார். இளமரம் ஆகாது, முறுக்கிக்கொள்ளும். வயசான மரத்தின் அடிப்பாகம்தான் வேண்டும். நடுத்தண்டைத் தள்ளிவிட்டு, சிவந்த வைரத்தை மட்டும் பிளந்து எடுக்க வேண்டும். ஈரம் இருக்கும்போதே கொஞ்சம் பருமனாகக் கடைந்துவிட வேண்டும், காய்ந்த பிறகு உளி ஏறாது. கடைந்ததை மரத்தூளில் புதைத்து மாசக்கணக்கில் ஆறவிட்டு, அப்புறம்தான் கடைசிக் கடைசல். "சூடு மட்டும் பட்டுச்சோ, தொலைஞ்சுது. பாளம் பாளமா வெடிச்சிரும்!" இந்தப் பாட்டை அவர் தொடங்கினால் அத்தை முடித்துவைப்பாள். அத்தனை தடவை கேட்டாயிற்று.

கடைசல் பட்டறையில் மரத்தைச் சுற்றிய கயிற்றை இழுத்தது நானும் அத்தையும்தான். எதிரெதிரே உட்கார்ந்து மாற்றி மாற்றி இழுக்க, மரம் முன்னும் பின்னும் சுழலும். சித்தப்பாவின் உளியிலிருந்து செக்கச்செவேலென்ற சுருள்கள் ஈரமாக என் மடியில் வந்து விழும். குடமும் வளையமுமாக நான்கு கால்கள். அடடா, அப்படி ஓர் அழகு! சிரித்தவர்களே வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். சித்தப்பா அவற்றைத் தூளில் புதைத்துவிட்டு, கை படக் கூடாது என்று எல்லோருக்கும் உத்தரவு போட்டார்.

கல்யாணம் ஆவணிக் கடைசியில். ஆவணி பிறந்ததும் சீர் சாமான்களைப் பார்க்க வருவதாகப் போடியிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனது. மழையோ விட்டபாடில்லை. ஒரு மத்தியானம் நான் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோனபோது அத்தை என் காதோரம் குனிந்தாள்.

"ஏட்டி, இந்த மழையில மரம் எப்பக் காய? நம்ம மாடியில வச்சா ரெண்டே நாள்தான். சித்தப்பாகிட்ட மூச்சு விடாத, அசத்திப்புடுவோம்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. எத்தனை பெரிய ரகசியம்! சாக்கில் சுற்றி ஆளுக்கு இரண்டாகத் தூக்கிக்கொண்டு போய், காற்று வரும் வாய்க்கு நேராக இருந்த காலித் தட்டில் அடுக்கினோம். இரண்டு நாள் கழித்து அத்தையே அவற்றைத் திரும்பக் கொண்டுவந்து தூளில் புதைத்துவிட்டாள்.

போடிக்காரர்கள் வந்தார்கள். சித்தப்பா அவர்களைப் பட்டறைக்கே அழைத்துப்போய், "பாருங்க" என்று கையாலேயே தூளை விலக்கினார். நான்கு கால்களும் தலையிலிருந்து அடிவரை பிளந்து கிடந்தன. வெடிப்பில் என் விரலே நுழையும். மாப்பிள்ளையின் அம்மா ஒரே நிமிஷம்தான் பார்த்தார்.

"கட்டில் காலே வெடிச்சுக் கெடக்கு, குடும்பம் எங்கிட்டு நிக்கும்? இந்தச் சகுனம் எங்களுக்கு வேண்டாம்."

ஊற்றி வைத்த டீயைக்கூடத் தொடாமல் மலை இறங்கிவிட்டார்கள். அம்மா மூக்கைச் சிந்தினாள். அத்தை தானாக முன்னால் வந்து, "சீக்கிரம் காயட்டும்னு நாந்தான் மாடியில வச்சேன்" என்றாள். அப்பா கையை ஓங்கினார். சித்தப்பா, கண் கலங்கியிருந்த அந்த நேரத்திலும், குறுக்கே புகுந்து தடுத்தார்.

"விடுண்ணே. இலை வாட்டுறவளுக்கு எல்லாமே இலைதான். மரத்தப் பத்தி அவளுக்கு என்ன தெரியும்?"

அன்றைக்கு வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. அத்தை மட்டும் இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். துக்கம் வந்தால் சிலருக்குப் பசிக்கும் போலிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் வழக்கம்போல மாடிக்குச் சோறு கொண்டுபோனேன். அத்தை ஒரு பிடி இலையை அமுக்கித் திறந்து பார்த்து, "ஆச்சு" என்றாள். உடனே இலையை அள்ளிக் கீழே தள்ளத் தொடங்கினார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை.

"அத்தே, அந்தக் கட்டில் காலையும் இப்படித் தொட்டுப் பாத்து எடுத்திருக்கலாம்ல?"

"பாத்தேனேட்டி. ரெண்டு நாளும் பாத்தேன். ஆனதுக்குப் பொறவுதான் எடுத்தேன்" என்று சொல்லிச் சிரித்தாள்.

பாவம், இத்தனை கைப்பழக்கம் உள்ள அத்தைக்கே ஒரு தடவை கணக்குத் தப்பிவிட்டதே என்று நான் படி இறங்கும்வரை வருத்தப்பட்டுக்கொண்டே போனேன்.