பிளாஸ்டர் ஒட்டாத பை

நேற்றுக் காலை ஆட்டோக்காரர் சங்கர், மருத்துவமனையிலிருந்து கொண்டுவந்த துணிப் பையை இறக்காமலே நின்றார். "சிஸ்டர் போய்ட்டாங்கக்கா. நெஞ்சு வலியாம்" என்றார். எங்கள் கொட்டகையில் எல்லோரும் தையல் மெஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தோம்.

குணசுந்தரி சிஸ்டர் திருவண்ணாமலையில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டர் பொறுப்பாளர். கருவிகளைப் பொதிந்து வரும் நீலத் துணியை ஆபரேஷனுக்கு முன்பே பிரித்துப் போட்டுவிடுவார்கள். துளி ரத்தம் படாதது. அதையும் கொளுத்துகிறார்களே என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி, அடி அண்ணாமலையில் எங்கள் தையல் கொட்டகைக்கு அனுப்ப வைத்தார். கிரிவலம் வருகிறவர்களுக்கு அதில் தோள்பை தைத்தோம். நோயாளி தியேட்டருக்குள் வருவதற்குள் துணிப் பையைக் கட்டிவிட வேண்டும் என்பது அவர் சட்டம்.

ஒரு பௌர்ணமியன்று அது தவறியது. யாரோ பையைக் கட்டாமல் விட்டிருக்கிறார்கள். கிரிவலக் கூட்டத்துக்காகச் சாலையை மறிப்பதற்குள் போய்விட வேண்டுமென்று சங்கரும் அப்படியே அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். ஆபரேஷன் முடிவில் எண்ணினால் நோயாளிக்குத் தையல் போடும் ஊசி ஒன்று குறைகிறது. வயிற்றுக்குள் இல்லை என்று எக்ஸ்ரே காட்டிவிட்டது. அப்படியானால் எங்கள் பையில்தான். அந்தக் கூட்டத்தில் போன் கிடைக்கவில்லை, வண்டியும் விடமாட்டார்கள்.

சிஸ்டர் நடந்தே வந்தார். மலையின் அந்தப் பக்கமாக வந்தால்தான் தூரம் கம்மி என்று, கிரிவலக் கூட்டத்துக்கு எதிராக. மலையை இடமாகச் சுற்றுகிறாளே பாவி என்று வழியெல்லாம் ஏசினார்களாம். சாமி கும்பிடாமல் சோற்றில் கை வைக்காத மனுஷி அவர். ஏசிய வாய்களுக்கு அது தெரியுமா?

நாங்களோ ஒன்றும் அறியாமல் பையைக் கொட்டி, வெறுங்கையால் துணிகளை உதறி மடித்துக்கொண்டிருந்தோம். என் தங்கை செல்விக்கு அப்போது நிறைமாதம். அவள் அடுத்த துணிக்குக் கை நீட்டினாள்.

"செல்வி, தொடாத!"

வாசலில் மூச்சிரைக்க சிஸ்டர் நின்றார். எங்களை எழுப்பி வெளியே நிறுத்தினார். கையுறை மாட்டி, இடுக்கியால் ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தார். செல்வி கை நீட்டிய துணிக்குக் கீழேயே, ரத்தக் கறையோடு, வளைந்த ஊசி கிடந்தது. எங்கள் எல்லோருடைய கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, யாருக்கும் குத்தவில்லை என்று தெரிந்த பிறகுதான் தண்ணீர் குடித்தார்.

இந்த வேலையே வேண்டாம், நிறுத்திவிடலாம் என்றேன்.

"ஏன் நிறுத்தணும்? இனிமே ஊசியெல்லாம் எண்ணி சரியானாத்தான் முடிச்சுல வெள்ள பிளாஸ்டர் ஒட்டி அனுப்புவேன். பிளாஸ்டர் இல்லாத பைய, நானே தூக்கினு வந்தாலும் தொடாதீங்க" என்றார்.

நேற்று சங்கர் கொண்டுவந்த பையில் பிளாஸ்டர் இல்லை. துக்கத்தில் மறந்திருப்பார்கள். செல்விதான் முதலில் பார்த்தாள். அழுதுகொண்டே, "திருப்பி எடுத்துனு போய்டுங்கண்ணா" என்றாள்.

நாங்கள் தொடவில்லை, சிஸ்டர். போய் வாருங்கள்.