இழுத்தால் நீளும் துணி

என் மனைவிக்கு முதல் கணவர் மூலம் பிறந்த மகளுக்கு ஏழு வயது. கோபம் வந்தால் கையில் கிடைத்ததைச் சுவரில் எறிவாள். "இன்னொருக்கா சத்தம் கேட்டா ஊட்டைக் காலி பண்ணிருங்க" என்று வீட்டுக்கார அம்மா சொல்லிவிட்டார்.

பேசிச் சமாதானப்படுத்த எனக்கு வராது. நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியிலிருந்து வேஸ்ட் துணி கொண்டுவந்து, "எறியாத கண்ணு, இதைக் கிழி" என்றேன். பனியன் துணி கையால் இழுத்தால் நீளுமே தவிரக் கிழியாது என்பதை நானே மறந்துவிட்டேன்.

"கிழியவே மாட்டீங்குது!" என்று கத்தினாள். பதறிப்போய் மறுமுனையைப் பிடித்தேன். அவள் இழுத்தாள், நானும் இழுத்தேன். வேர்த்து ஓய்ந்து உட்கார்ந்தாள்.

நேற்று டம்ளரை ஓங்கியவள் என்னைப் பார்த்தாள். அதைக் கீழே வைத்துவிட்டுத் துணியை எடுத்துவந்தாள்.

"புடிங்க" என்றாள். "உட்ராதீங்க."