புதுநன்மைப் படத்தில் இல்லாத கைகள்

பேருந்தில் பக்கத்து இருக்கைக் குழந்தையின் கழுத்திலிருந்து பவுடர் வாசனை வந்ததும், செஞ்சிக் கடைத்தெருவில் இன்று செல்போன் கடையாகிவிட்ட ஸ்டூடியோவின் சன்னலில்லாத அறைக்குள் மறுபடி அடைபட்டேன். மாதா கோயிலில் புதுநன்மையாக முதல் நற்கருணை அப்பம் வாங்கிய கையோடு, வெள்ளைக் கவுனில், விளக்குச் சூட்டில் மூச்சு முட்ட நான் நிற்க, சிவப்பான அக்காவுக்கு ஒரு பூச்சோடு நிறுத்திய அம்மா எனக்குப் பவுடரை அப்பிக்கொண்டே இருந்தாள். வியர்வை அதைக் கரைத்துக்கொண்டே இருந்தது.

"இன்னாக்கா, மூஞ்சி ஒரு கலரு, கை ஒரு கலரா இருக்குது?" என்றார் போட்டோக்காரர்.

பவுடர் டப்பா காலி. "கையப் பின்னால கட்டிக்கோடி," என்றாள் அம்மா.

மற்றப் பிள்ளைகளின் படங்களில் கூப்பிய கைகளும் ஜெபமாலையும் இருக்கும். என் படத்தில் கைகளே இல்லை. இப்போதும் யாராவது படமெடுக்கப் போனைத் தூக்கினால், அவை தாமாகவே முதுகுக்குப் பின்னால் போய்விடுகின்றன.