எட்டாம் நம்பர்

மெட்ரோ வேலைக்காகத் தடுப்புகள் வைத்த பிறகு, எங்கள் மயிலாப்பூர் தெருவிலிருந்து லஸ் போகும் வழியில் இரண்டு பேர்தான் சேர்ந்து நடக்க முடியும். மூன்றாவது ஆள் பின்னால் வர வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செருப்பு வாங்கிய கதை அந்த அகலத்தில்தான் தொடங்குகிறது.

நானும் என் நண்பரும் ஒரே அலுவலகத்தில் இருந்து ஒரே ஆண்டில் ஓய்வு பெற்றவர்கள். அன்று முதல் மாலை நடை சேர்ந்துதான். இருவருக்கும் எட்டாம் நம்பர் செருப்பு. ஒரு பங்குனித் தேரன்று, கோயில் பக்கம் விட்ட செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வீடு வந்துவிட்டோம். மறுநாள் என் மனைவிதான் கண்டுபிடித்தாள். அவர் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமை.

போன சித்திரையில் எனக்குக் குதிகால் வலி வந்தது. காலையில் முதல் அடி வைத்தால் ஆணி குத்துவது போல இருக்கும். கொஞ்ச நாள் நடக்க வேண்டாம், பிறகு மெத்தென்ற செருப்பாக வாங்கிப் போட்டுக்கொண்டு நடங்கள் என்றார் டாக்டர். வைகாசியில் நண்பருடைய அடுக்ககத்தின் மேல்மாடிக்கு அடையாறிலிருந்து ஒருவர் குடிவந்தார். ஆனி மாதம் முழுவதும் நண்பர் அவரோடு நடந்தார். நான் பால்கனியில் நின்று பார்ப்பேன். புதியவர் ஏதோ சொல்வார். என் நண்பர் நடையை நிறுத்திவிட்டு நின்று சிரிப்பார். என்னோடு நடக்கும்போது அவர் சிரித்திருக்கிறார், நின்று சிரித்ததில்லை.

புதியவர் போட்டிருந்தது பழுப்பு நிற கம்ஃபர்ட் செருப்பு. குதிகாலுக்குப் பின்னால் பட்டை, தடித்த அடி, உள்ளே பாதத்தின் வளைவைத் தாங்க ஒரு மேடு. அதையேதான் வாங்குவது என்று முடிவு செய்தேன். அதற்கு முன் கிடைத்ததையெல்லாம் படித்தேன். செய்தித்தாள் மேல் நின்று பென்சிலால் கால் வரைந்தேன். வலது பாதம் இடதைவிட நீளம் என்பது இந்த வயதில்தான் தெரிந்தது. நின்றுகொண்டே அளக்க வேண்டும், பெரிய காலுக்கு ஏற்றபடி வாங்க வேண்டும், மாலையில் பாதம் கொஞ்சம் வீங்கும் என்பதால் மாலையில்தான் போட்டுப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னேன்.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ கூட இவ்ளோ பாக்கலியே நீங்க" என்றாள்.

ஆனால் அது ஆடி மாதம். தள்ளுபடிக் கூட்டத்தில் மாலை நேரத்து தி.நகரில் கால் வைக்க இடம் இருக்காது. ஒரு விதியைத் தளர்த்தினால் என்ன என்று, ஷட்டர் தூக்கும் நேரத்துக்கே கடைக்குப் போய்விட்டேன். கடைக்காரப் பெண் எட்டும் கொண்டுவந்தாள், ஒன்பதும் கொண்டுவந்தாள். ஒன்பதை நான் தொடவே இல்லை. எட்டில் குதிகால் பின்விளிம்பைத் தொட்டுக்கொண்டுதான் நின்றது. போகப் போக இளகிவிடும் என்று சொல்லிக்கொண்டேன். என் நண்பருக்கு எட்டு, எனக்கு எட்டு. புதியவரின் பாதத்தைப் பார்த்தாலே அது எட்டுக்குள் அடங்காது என்று தெரியும். அந்த ஒரு விஷயத்தில் அவர் எங்களுக்கு வெளி ஆள்.

அன்று மாலையே மூவரும் கிளம்பினோம். நான்தான் பின்னால். லஸ் வருவதற்குள் குதிகால் விளிம்பில் ஏறிவிட்டது. உள்ளே இருந்த மேடு, வளைவைத் தாங்காமல் அதற்கு முன்னால் போய் அழுத்தியது. ஒரு பழச்சாறுக் கடை வாசலில் நின்றுவிட்டேன்.

"நீ உக்காருய்யா. நாங்க ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடறோம்" என்றார் நண்பர்.

வலியைவிட அந்த 'நாங்க'தான் வீடு வரை வந்தது.

அந்த வாரத்திலேயே ஒரு மாலை நண்பர் வீட்டுக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. வாசலில் அவருடைய பழைய செருப்பு; அதை ஒட்டினாற்போல் அந்தப் பழுப்புச் செருப்பு. உள்ளே சிரிப்புச் சத்தம். அழைப்பு மணியை அழுத்தப் போன நான், என்ன தோன்றியதோ, என் செருப்பைக் கழற்றிவிட்டுப் புதியவருடையதில் காலை விட்டேன். குதிகால் அதன் குழியில் போய் உட்கார்ந்தது. மேடு சரியாக வளைவுக்குக் கீழே வந்தது. விரல்களுக்கு முன்னால் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. லிஃப்ட் வரை நடந்து திரும்பினேன். வலியே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

கதவு திறந்தது. புதியவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு காலைப் பார்த்தார்.

"ஒன்பது சார் அது" என்றார். "சரியா இருக்கா? இன்னொரு தடவை நடந்து பாருங்க."

உள்ளேயிருந்து நண்பர், "என்னய்யா, செருப்புத் திருடவா வந்தே?" என்றார். இருவரும் சிரித்தார்கள். புதியவர் கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

மறுநாள் மாலை கூட்டத்தில் இடிபட்டு ஒன்பது வாங்கினேன். போட்டு நடந்துவிட்டதால் எட்டை அவர்கள் மாற்றித் தரவில்லை. அதை நண்பரிடம் கொடுத்தேன். "நம்ம சைஸ்" என்று சொல்லி, போட்டுக்கூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.

அடுத்த நடையில் மூவர் காலிலும் ஒரே மாதிரிச் செருப்பு. கிளம்பும்போது நான் பின்னால்தான் இருந்தேன். கோயில் குளத்தைத் தாண்டியதும் நண்பரின் நடை தளர்ந்தது. எப்போது என்று தெரியாமல் நானும் புதியவரும் முன்னால் போய்க்கொண்டிருந்தோம்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் மெதுவா போங்கய்யா."

அந்தக் குரல் எனக்குப் புதிதல்ல. ஒரு மாதமாக எனக்குள் கேட்டுக்கொண்டிருந்த குரல்தான். திரும்பிப் பார்த்தேன். நண்பர் தடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கி நின்றார். எந்த இடத்தில் அழுத்துகிறது என்று அவர் சொல்லாமலே எனக்குத் தெரியும்.

"சாருக்கும் ஒருவேளை..." என்று புதியவர் ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் நான் நண்பரிடம் போய்விட்டேன். அதை அவர் வாயிலிருந்து என் நண்பர் கேட்கக் கூடாது.

"உனக்கும் இப்போ ஒன்பதுய்யா. வயசாக ஆகப் பாதம் நீளுமாம். நாளைக்கு சாயந்திரம் நாம ரெண்டு பேரும் தி.நகர் போறோம்."

"சாயந்திரமா? கூட்டமா இருக்குமே."

"இருக்கட்டும்."

அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். திரும்பி நடந்தோம். வழியில் இரண்டு பேருக்குத்தான் இடம். புதியவர் பின்னால் வந்தார்.