அப்பா நீட்டிய கை

எங்கள் மகள், தன்னோடு நேர்ஸ் வேலைக்கு ஆஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, செய்த ஒரு பஞ்சாபிப் பையனைக் கல்யாணம் கட்டப்போகிறேன் என்றாள். ஜெர்மனியில் யூரோக் காசு வந்து சில வருஷம் ஆகியிருந்தது. தலைப்பாகை கட்டிய சீக்கியப் பிள்ளை. எனக்கு அவனைக் கண்ட அன்றே பிடித்துவிட்டது. என் கணவரோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அவை என்ன ஆக்கள்?"

யாழ்ப்பாணத்தை விட்டு அகதியாக ஓடிவந்தவர், அந்தச் சாதிக் கேள்வியை மட்டும் பத்திரமாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். எனக்கு வந்த கோபத்தில் அன்று இரண்டு கோப்பை உடைந்தது. மகள் சத்தம் போடவில்லை. அப்பா சம்மதிக்காவிட்டால் கட்டமாட்டேன் என்று மட்டும் சொன்னாள். 

பையனின் தாய் தகப்பன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கள் குருத்வாராவுக்கு வரச்சொன்னார்கள். கணவர் ஒரு நிபந்தனையோடு புறப்பட்டார். "வாறன். ஆனால் அங்கை கை நனைக்க மாட்டன்." சம்மதமில்லாத சம்பந்தத்தில் மற்றப் பக்கத்தாரின் சாப்பாட்டை நாங்கள் தொடுவதில்லை. தொட்டால் சம்மதம், பேச்சு முற்றாகிவிட்டது என்று அர்த்தம். மகளுக்கும் அது தெரியும்.

டயர்க் கடைக்குப் பக்கத்தில், முன்பு கம்பளக் கிடங்காக இருந்த கட்டடம் அது. வாசலில் உயரமாக ஒரு காவிக் கொடி. சப்பாத்துக் கழற்றும் அறையிலேயே தபேலாவோடு பாட்டுக் கேட்டது. கோயில் என்றதும் மனிசனுக்குப் பழக்கம் முந்திவிட்டது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் சேர்ட்டையும் பெனியனையும் கழற்றி மடித்துவிட்டு, நல்லூர் முருகன் கோயில் தேருக்குப் போகிறவர் மாதிரி வெறும் மேலோடு நிற்கிறார்! சுற்றி நின்ற சனம் வாயை மூடிக்கொண்டு சிரித்தது. ஏன் பொய் சொல்ல, நானும்தான்.

பையனின் தகப்பன் மட்டும் சிரிக்கவில்லை. தன் கம்பளிச் சால்வையை எடுத்து இவருக்குப் போர்த்திவிட்டார். இங்கே மேல் எப்படியும் இருக்கலாம், தலையைத்தான் மூடவேண்டும் என்று ஜெர்மனில் சொல்லி, செம்மஞ்சள் துணி ஒன்றைத் தானே கட்டிவிட்டார். அந்த ஆளின் முகத்தையும் பார்க்கமாட்டேன் என்று வீட்டில் சொன்ன என் கணவர், முடிவெட்டப் போன பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

உள்ளே சிலை இல்லை. விதானத்தின் கீழ் பட்டு விரித்து ஒரு பெரிய புத்தகம், அதற்குச் சாமரம் வீசினார்கள். சீக்கியரின் பத்தாவது குரு, தனக்குப் பிறகு இந்தப் புத்தகமே குரு என்று சொல்லிவிட்டாராம். கணவர் அதன் முன்னால் விழுந்து கும்பிட்டார். நெய் வடியும் அல்வாவைக் கையில் வைத்ததும் வாயில் போட்டுக்கொண்டு என்னை முறைத்தார். பிரசாதம் கணக்கில் வராதாம்.

சுவரில் அமிர்தசரஸ் பொற்கோயிலின் படம் இருந்தது. எந்தத் திசையிலிருந்து யார் வந்தாலும் நுழையட்டும் என்றுதான் நாலு பக்கமும் வாசல் வைத்துக் கட்டினார்கள் என்று பையனின் தகப்பன் சொன்னார். முற்காலத்தில் குருவைப் பார்க்க வந்த ஒரு பேரரசரிடமும், முதலில் எல்லாரோடும் தரையில் இருந்து சாப்பிட்ட பிறகுதான் உள்ளே போகலாமென்று சொன்னார்களாம். பக்கத்தில் இருப்பவர் யார் எவர் என்று அரசன் விசாரிக்கவில்லையா என்று என் கணவர் கேட்டார். எதற்கு விசாரிக்க வேண்டும் என்று அவர் திருப்பிக் கேட்டார். மெய்யாகவே விளங்காமல்தான் கேட்டார்.  எனக்கு அந்த இடத்திலேயே ஆடவேண்டும் போல இருந்தது.

பிறகு லங்கர், அதுதான் அந்தப் பந்திச் சாப்பாடு. நீள விரிப்பில் வரிசையாக இருந்தோம். சப்பாத்தியை இரண்டு கையையும் நீட்டித்தான் வாங்கவேண்டும். வேண்டாம் என்பவர்கள் கையை மடியில் வைத்திருப்பார்கள். கூடையோடு பரிமாறிக்கொண்டு வந்தது எங்கள் மகள். தலையில் முக்காடு, முகத்தில் இரத்தமே இல்லை. என் கணவரின் கைகள் மடியில் இருந்தன. 

அவள் முன்னால் வந்து குனிந்தாள். 

அவர் இரண்டு கையையும் நீட்டினார்.

அவள் சப்பாத்தியை அந்தக் கைகளில் வைத்தாள். அடுத்த ஆளிடம் போகத் திரும்பியவளை அவர் கூப்பிட்டார்.

"ஒண்டு காணாது, பிள்ளை. இன்னொண்டு வை."