கரண்டைக்கால் கரண்டு ஆன கதை

இந்த ஊரில் தரை ஈரமாக இருந்தால் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. ஒரு மஞ்சள் பலகையை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அதில் ஒரு மனிதன் வழுக்கி விழுந்துகொண்டே இருப்பான். கனடா வந்த புதிதில், காணாமல் போன யாரையோ தேடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். கடையில், ஆஸ்பத்திரியில், கழிப்பறை வாசலில், எங்கு போனாலும் அதே ஆள். கோவில்பட்டியில் இதற்கெல்லாம் பலகை வேண்டாம். “ஏலே, வழுக்கும், பாத்து வா” என்று ஒரு சத்தம் போதும். மீறி விழுந்தவன் எழுந்து, யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றிப் பார்த்துவிட்டு நடையைக் கட்டுவான்.

நான் வேலை பார்க்கும் ரொட்டித் தொழிற்சாலையில் ஒருநாள் எண்ணெய் கொட்டிக் கிடந்தது. பலகை இல்லை. பலகையில் விழவேண்டியவனுக்குப் பதிலாக நான் விழுந்தேன். சூப்பர்வைசர் டோனி ஓடிவந்து, “ஆர் யூ ஓகே?” என்றார். “நத்திங், நத்திங்” என்றேன். அதையே ஒரு படிவத்தில் எழுதி நீட்டினார். வாசிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

பிள்ளைகளே, இந்த ‘ஒண்ணுமில்ல’ எனக்குப் பழைய வியாதி. ஊரில் நூல் மில்லில் இருந்தபோது இயந்திரத்தில் விரல் மாட்டி நகம் பெயர்ந்துவிட்டது. மேஸ்திரி அண்ணாச்சி சோடாவும் கடலைமிட்டாயும் வாங்கிக் கொடுத்து, “வலிக்காலே?” என்றார்.

“ஒண்ணுமில்லண்ணாச்சி.”

“அப்ப இதுல கையெழுத்துப் போடு.”

“என்ன எழுதியிருக்கு?”

“நீ சொன்னதுதாம்லே. ஒண்ணுமில்லன்னு.”

மிட்டாய் தின்ற கையாலேயே போட்டேன். அந்தக் காகிதத்தை நான் அப்புறம் பார்த்ததில்லை. எறும்பு பார்த்திருக்கும்.

இங்கே அப்படி முடியவில்லை. பொழுது சாயுமுன் கால் பனங்காய் மாதிரி வீங்கிவிட்டது. மூன்று வாரம் நடக்கக்கூடாது என்றார் டாக்டர். வேலையில் அடிபட்டவர்களுக்கு என்றே ஓர் அலுவலகம் உண்டு. அவர்கள் ஒத்துக்கொண்டால்தான் அந்த மூன்று வாரத்துக்கும் சம்பளம். போன் செய்தேன். அதிகாரிக்கும் எனக்கும் நடுவில் மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண் வந்தாள்.

“எங்க அடிபட்டது, ஐயா?”

“கரண்டைக்கால்ல தாயி.”

“எப்பிடி இருந்தது?”

“சுள்ளுன்னு தலை வரைக்கும் ஏறிட்டு.”

“இப்ப?”

“இப்பவும் விட்டுவிட்டு அடிக்குது.”

அதிகாரி “ஓ மை காட்” என்றது எனக்கே கேட்டது. நல்ல இரக்கமுள்ள மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. என் ஆங்கிலம் அதன் முதல் வரியிலேயே நின்றுவிட்டது. கோவில்பட்டியில் பத்தாவது படிக்கும் என் மகள் செல்விக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அவள் போனில் வந்ததும் கேட்டாள்:

“ஏப்பா, நீங்க கரண்டு அடிச்சில்லா விழுந்தியளாம்?”

“எவன்ட்டி சொன்னான்? எனக்கு அடிபட்டது கரண்டைக்கால்லட்டி!”

“இன்னும் விட்டுவிட்டு அடிக்குதுன்னு வேற சொன்னியளாம். ரொட்டி அடுப்பையெல்லாம் நிறுத்தி வயர சோதிச்சுப் பாத்திருக்காவ. ஒரு கோளாறும் இல்லையாம். நீங்க சொன்னது உண்மைதானான்னு கேக்காவ.” சிரிப்பை அடக்கிக்கொண்டு, “ஒங்களத் தொட்டா எங்களுக்கும் அடிக்குமாப்பா?” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சம்பளம் போனால்கூடப் பொறுக்கலாம். பொய்யன் என்று பெயர் எடுத்துவிட்டு எந்த முகத்தோடு வேலைக்குப் போவது?

அவள்தான் கடைசி வரியை வாசித்தாள். நாம் சொன்னதைத் திரும்ப வாசித்துக் காட்டச் சொல்லவும், தப்பைத் திருத்தவும் நமக்கு உரிமை உண்டாம்.

“சொல்லி முடிச்ச பொறவு என்னத்தட்டி திருத்த?”

“அவியளே எழுதியிருக்காவப்பா. நீங்கதான் கேக்கணும்.”

கேட்டேன். போனில் மறுபடியும் அதே மொழிபெயர்ப்புப் பெண்தான் வந்தாள். எழுதி வைத்திருந்ததை வாசித்தாள்.

“கரண்டு ஒண்ணும் இல்ல தாயி. பாதத்துக்கு மேல ரெண்டு பக்கமும் உருண்டையா எலும்பு துருத்திக்கிட்டு இருக்கும்லா? அதுக்கு எங்க ஊர்ல கரண்டைக்கால்னு பேரு.”

அவள் ‘கரண்டைக்கால், கரண்டைக்கால்’ என்று சொல்லிப் பார்த்தாள். பிறகு, “ஐயோ, கணுக்காலோ!” என்றாள். விஷயம் தெரிந்ததும் அதிகாரியும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, “விழுந்த அன்று ‘ஒன்றுமில்லை’ என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே?” என்றார்.

“உசிரு இருந்தா எங்க ஊர்ல அப்படித்தான் தாயி சொல்லுவோம்.”

இந்த ஒரு வரியை அவள் ஆங்கிலத்தில் ரொம்ப நேரம் சொன்னாள். கடைசியாக அதிகாரி, “வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?” என்று கேட்டார். ‘ஒண்ணுமில்ல’ நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன்.

“இருக்கு தாயி. எண்ணெய் கொட்டுன எடத்துல பலகை வைக்கல. இப்ப எழுதுனத ஒருக்கா வாசிச்சுக் காட்டு.”

வாசித்துக் காட்டினாள். மூன்று வார விடுப்புக்கும் சம்பளம் வந்தது. டோனி இப்போது காய்ந்த தரையில்கூட மஞ்சள் பலகை வைக்கிறார்.

பிள்ளைகளே, அடிபட்ட படிவமாக இருந்தாலும் சரி, நிலப் பத்திரமாக இருந்தாலும் சரி, உங்கள் பள்ளிக்கூடத்தில் எழுதி வாங்கும் கடிதமாக இருந்தாலும் சரி, புரியவில்லை என்றால் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். புரிந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். முக்கியமாக, வலித்தால் வலிக்கிறது என்று சொல்லுங்கள்.

காயம் ஆறிவிட்டது என்று டாக்டர் எழுதிய காகிதம் என்னிடம் இருக்கிறது. அதில் ஆறியது கணுக்கால். பனி கொட்டும் காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது வலிப்பது கரண்டைக்கால்.